கணித மாதரசி ஸோபி ஜெர்மெய்ன்

நமது சங்கத்துச் சஞ்சிகையில் பெரியோர் சரிதங்கள் பல வெளிவந்துள்ளன. மன்னர், வள்ளல்கள், தேசத்தொண்டர், மடாதிபதிகள் ஆகியோரைப் பற்றியன அவற்றுட் பெரும்பாலன. இம்மாதம் யாம் எழுதப் புகுவது அவ்வகையில் அடங்காத ஒரு சரிதம். படை நடத்தாமலும், பதவி வகியாமலும், எந்தக் கலாசாலையிலும் சேராமலும், தம் தந்தையார் வீட்டில் இருந்தபடியே எண்களோடு உறவாடி இன்புற்று, அவ்வின்பத்தின் வழியே உலகத்துக் கணித நூலாரின் வரிசையில் இடம்பெற்ற ஒரு பிரெஞ்சு மாதரசியின் வரலாறு இது. அவர் பெயர் ஸோபி ஜெர்மெய்ன்.

இதனை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணமுண்டு. நம்மவர் இல்லங்களில் கணிதம் ஒரு வாயிலாகவே கருதப்பட்டு வருகின்றது. பரீட்சையில் மதிப்பெண் பெறுவதற்கும், பொறியியற் கலாசாலையில் இடம் பெறுவதற்கும் உரிய கருவியென்றே பிள்ளைகள் அதனை அறிகின்றனர். வாயிலைக் கடந்து உள்ளே போனபின் வாயிலைத் திரும்பிப் பார்ப்பார் யார்? கணிதத்தையே விரும்பிப் பயில விழையும் ஒரு பெண்ணை நோக்கி, இதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று பெற்றோர் வினவுவதும், விவாகமானபின் அவளுடைய புத்தகங்கள் பரண்மேல் ஏறுவதும் நாம் காணாத காட்சிகளல்ல. பயன் கருதாது, இன்பம் ஒன்றே கருதி, தனக்குரிய துறையைத் தானே தேர்ந்து பயின்ற ஒருவரின் வாழ்க்கை எவ்வாறு சென்றது என்பதை நம் குடும்பத்தார் அறிதல் நலமென்று எண்ணுகின்றோம்.

ஸோபி அம்மையார் பாரிஸ் மாநகரில் 1776-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி பிறந்தார். தந்தையார் அம்புருவாஸ் பிரான்ஸுவா ஜெர்மெய்ன், பட்டு வாணிபத்திற் பொருளீட்டியவர். பெண் மக்கள் மூவருள் ஸோபி நடுப்பிள்ளை. ஜவுளி வாணிபம் செய்யும் குடும்பங்கள் நம்முள்ளும் பல உண்டாதலின், அவ்வீட்டின் நிலையை ஊகிப்பது நமக்கு அரிதன்று. உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. வருவோரும் போவோரும் ஓயார். பேச்செல்லாம் சரக்கும் விலையும் அரசாங்கமுமாக இருக்கும். 1789-ம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துக் குடிமக்களின் பிரதிநிதிகளுள் ஒருவராகத் தந்தையார் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் பாஸ்தீல் சிறைக்கோட்டை தகர்க்கப்பட்டது; பாரிஸ் வீதிகளில் கலகம் மூண்டது. பதின்மூன்று வயதுச் சிறுமியாகிய ஸோபி வீட்டை விட்டு வெளியே செல்ல வழியின்றித் தந்தையாரின் புத்தக அறையைப் புகலிடமாகக் கொண்டார்.

அவ்வறையில் மோந்துக்லா என்பார் எழுதிய கணித சரித்திர நூலொன்று அவர் கையில் அகப்பட்டது. அதில் ஆர்க்கிமிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் மாண்ட கதை இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் 212-ம் ஆண்டில் ரோமாபுரிப் படை ஸிரகூஸ் நகரத்தைப் பிடித்தபோது, அம்முதியவர் வட்டங்களை வரைந்து அவற்றிலே மனம் தோய்ந்திருந்தார் என்றும், போர்வீரன் ஒருவன் வந்து நின்றதையும் பொருட்படுத்தாமையால் வெட்டுண்டு மடிந்தார் என்றும் வழங்கும் கதை அது. தெருவிலே கலகவோசை எழ, உள்ளே அமர்ந்து இக்கதையைப் படித்த சிறுமியின் உள்ளத்தில் எழுந்த எண்ணம் வியக்கத்தக்கது. உயிர் போவதையும் மறக்கச் செய்யும் ஒரு வித்தை உண்டெனின், அவ்வித்தையைத் தாமும் அறிதல் வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். எவரும் அவருக்குக் கணிதத்தைக் காட்டவில்லை. தாமே அதனைக் கண்டு தெரிந்துகொண்டார்.

பெஜூ என்பாரின் பாட நூலிலிருந்து அவர் கல்வி தொடங்கிற்று. நியூட்டனும் ஆய்லரும் இலத்தீன் மொழியில் எழுதியவற்றைப் படிக்கவேண்டித் தாமாகவே இலத்தீனைக் கற்றார். பெற்றோர் அஞ்சினர். பெண்ணொருத்தி இவ்வளவு மூளை வருந்தினால் உடல் கெடும் என்பது அக்காலத்து நம்பிக்கை. இரவில் அவர் எழுந்து படியாதிருத்தற்பொருட்டுப் படுக்கையறையின் கணப்பை அவித்தனர்; மெழுகுவர்த்திகளை எடுத்துக்கொண்டனர்; மாற்றுடைகளையும் அகற்றினர். ஒளித்து வைத்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு, போர்வைகளைச் சுற்றியபடி ஸோபி படித்தார். ஒருநாள் காலையில் பெற்றோர் வந்து பார்த்தபோது, மைக்கூட்டில் மை உறைந்து கிடக்க, கணக்குகள் நிறைந்த பலகையின் அருகே அவர் உறங்கிக்கொண்டிருந்தார் என்று அவருடைய நண்பராகிய லிப்ரி என்னும் இத்தாலியப் பண்டிதர் எழுதி வைத்துள்ளார்.

பெற்றோரை யாம் குறைகூற முற்படவில்லை. அவர்கள் செய்தது அன்பினாற் செய்ததே. மேலும், மகளின் மனவுறுதியைக் கண்டபின் அவர்கள் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர் என்பதைச் சொல்லாமல் விடுதல் நீதியாகாது. ஸோபி மணம் புரிந்துகொள்ளவில்லை. சம்பளம் வரும் தொழிலெதனையும் மேற்கொள்ளவில்லை. தந்தையாரின் பொருளே வாழ்நாள் முழுவதும் அவருக்கு ஆதாரமாயிற்று. பட்டு விற்ற பணம் இவ்வாறும் செலவாகலாம் என்பதை நம் வணிகப் பெருமக்கள் கவனிப்பாராக.

1793, 1794-ம் ஆண்டுகளில் பாரிஸில் நாள்தோறும் தலைகள் உருண்டன. அக்காலத்தை ஸோபி நுண்கணிதம் கற்பதிற் கழித்தார். 1794-ல் பொலிடெக்னிக் என்னும் உயர்தரக் கலாசாலை அந்நகரில் நிறுவப்பட்டது. நம் நாட்டில் இப்பெயரால் வழங்குவது வேறு. அதுவோ அத்தேசத்தின் தலைசிறந்த கணித அறிஞர்கள் விரிவுரை செய்த இடம். பெண்களுக்கு அங்கே அநுமதி இல்லை. அவ்வநுமதி 1972-ம் ஆண்டிலேதான் கிடைத்தது என்பது நம்முட் பலருக்கு வியப்பைத் தரும். ஆயினும் விரிவுரைக் குறிப்புக்களைப் பெறுதல் கூடும். மாணாக்கர் தம் கருத்துக்களை எழுதி ஆசிரியரிடம் அளிக்கும் வழக்கமும் உண்டு. லெபிளாங் என்னும் ஆண்மகன் பெயரைப் பூண்டு ஸோபி தம் கருத்துக்களை லக்ராஞ்ச் என்னும் பேராசிரியருக்கு அனுப்பினார். அவ்வெழுத்தின் திறத்தைக் கண்ட லக்ராஞ்ச், எழுதியவர் ஒரு பெண் என்று பின்னர் அறிந்தபோது, அவர் வீடு தேடிச் சென்று பாராட்டினார்.

இச்செய்தி பரவவே, பண்டிதர் பலர் அவரைக் காண வந்தனர். அவருள் எல்லாரும் லக்ராஞ்சைப் போன்றவரல்லர். லலாந்து என்னும் வானநூல் ஆசிரியர் 1797-ல் வந்தவர், பெண்களுக்கென்று தாம் எழுதிய எளிய வானநூலை முதலிற் படித்தாலன்றி லப்லாஸ் எழுதிய நூல் விளங்காது என்ற கருத்துப்படப் பேசினார். ஸோபி சினங்கொண்டார், லலாந்து மன்னிப்பு வேண்டிக் கடிதம் எழுத நேர்ந்தது. இச்சிறு நிகழ்ச்சியில் ஒரு பெரிய குறை மறைந்து கிடக்கின்றது. வந்தவர் அனைவரும் வியந்தனர், புகழ்ந்தனர், சென்றனர். ஒருவரேனும் அமர்ந்து அவருக்கு ஆதிமுதல் அந்தம்வரை முறைப்படி கற்பித்தாரில்லை. இக்குறையின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

இனி, அவர் தமக்கென்று தெரிந்தெடுத்த துறையைப் பற்றிக் கூறுவோம். கணிதம் ஒரு பெரிய ஊரைப் போன்றது. அதில் வீதிகள் பல. வானத்துக் கோள்களின் ஓட்டத்தை அளப்பது ஒரு வீதி. வளைகோடுகளின் இயல்பை ஆராய்வது மற்றொன்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறு குழந்தையும் எண்ணும் முழுவெண்களின் குணங்களை ஆராயும் எண்ணியல் என்பதும் ஒரு வீதி. லெஜாந்தர் என்னும் பாரிஸ் பேராசிரியர் 1798-ல் எண்ணியலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1801-ல் கௌஸ் என்னும் ஜெர்மானிய இளைஞர், வயது இருபத்து நான்கு நிரம்பியவர், இலத்தீனில் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலை முற்றும் விளங்கிக்கொள்ள வல்லவர் ஐரோப்பாவிலேயே சிலர்தாம் இருந்தனர். ஸோபி அதனைக் கையில் எடுத்தவர், பல ஆண்டுகள் கீழே வைத்தாரில்லை.

தனியே பயில்வார்க்கு இத்துறை எத்துணைப் பொருத்தமானது என்பதை நாம் சிந்தித்தல் தகும். இதற்குச் சோதனைச்சாலை வேண்டா. தூரதிருஷ்டிக் கண்ணாடி வேண்டா. பலகையும் பல்பமும் போதும். கேள்விகளோ, நம் வீட்டுச் சிறுவனும் பொருள் அறியக்கூடியவை. விடைகள் மட்டுமே மலைபோல் உயர்ந்து நிற்கும். தாம் கண்டது மெய்யா பொய்யா என்று பார்க்கப் பிறரிடம் ஓடவேண்டுவதில்லை. எண்களை இட்டுப் பார்த்தால் எண்களே பல பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். கலாசாலைக் கதவு அடைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு இதனினும் ஏற்ற துறை வேறு இருந்திருக்க முடியாது. ஆயினும் ஏற்றது என்று கணக்கிட்டு அவர் இதை எடுத்தார் என்று யாம் கருதவில்லை. அவருக்கு அது இனித்தது, அவ்வளவே.

1804-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், மீண்டும் லெபிளாங் என்னும் பெயரிலேயே, கௌஸுக்கு ஒரு கடிதம் எழுதித் தம் ஆராய்ச்சிகளை உடன் அனுப்பினார். கௌஸ் அன்புடன் விடையளித்தார். கடிதப்போக்குவரத்து நிகழ்ந்துகொண்டிருக்கையில், 1806-ல் நெப்போலியனுடைய படைகள் ஜெர்மானிய நாட்டிற்குள் புகுந்தன; கௌஸ் வசித்த பிரன்ஸ்விக் நகரமும் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. ஸிரகூஸ் நகரத்து முதியவரின் முடிவு ஸோபியின் நினைவுக்கு வந்தது. குடும்ப நண்பராகிய பெர்னெதி என்னும் தளபதிக்கு எழுதி, கௌஸுக்கு யாதொரு தீங்கும் நேராதபடி பார்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். தளபதியின் ஆள் கௌஸிடம் சென்று, ஜெர்மெய்ன் அம்மையாரின் வேண்டுகோளின்பேரில் வந்துள்ளதாகக் கூற, அப்பெயருடைய எவரையும் தாம் அறியேன் என்று கௌஸ் திகைத்தார். அதன் பின்னரே, 1807 பெப்ரவரியில், லெபிளாங்கும் தாமும் ஒருவரே என்ற உண்மையை ஸோபி எழுதித் தெரிவித்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 30-ந் தேதி கௌஸ் எழுதிய விடையில் அவர் மகிழ்ச்சியும் மதிப்பும் வெளிப்பட்டன. பழக்கமும் பிறர் கருத்தும் பெண்களுக்கு எதிரே நிறுத்தும் தடைகளையெல்லாம் கடந்து இத்துறையின் மறைவிடங்களில் புகுந்த ஒருவருக்கு, அரிய துணிவும் மேம்பட்ட மதியும் இருந்தே தீரவேண்டும் என்பது அவர் எழுதியதன் கருத்து. அம்மட்டோடு நில்லாமல், ஸோபி கூறிய ஒரு விதி முற்றும் பொருந்தாது என்பதையும், 15, 8 என்னும் இரண்டு எண்களின் பதினொன்றாம் அடுக்குகளைக் கூட்டிக் காட்டி விளக்கினார். புகழ்ச்சியைவிட இத்திருத்தமே பெரிய மரியாதை என்பது எமது எண்ணம். பெண்ணென்று கருதிப் பிழையை மன்னித்து விடாமல், சக அறிஞர் என்று கருதிச் சுட்டிக் காட்டினார் அன்றோ? சில ஆண்டுகளில் கௌஸ் வானநூல் வேலைகளில் ஆழ்ந்தார், கடிதங்கள் நின்றுபோயின.

அந்நிலையில் ஸோபியின் கருத்தை மற்றொரு துறை ஈர்த்தது. கிளாட்னி என்னும் ஜெர்மானியர் 1808-ல் பாரிஸுக்கு வந்து ஒரு விந்தை காட்டினார். கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய மணலைத் தூவி, வில்லினால் தகட்டின் விளிம்பைத் தேய்ப்பார். தகடு ஒலிக்கும்; மணல் துள்ளி ஓடி, கோலமிட்டாற்போல ஒழுங்கான உருவங்களில் அமைந்து நிற்கும். நெப்போலியனே இதைக் கண்டு வியந்தான். இவ்வுருவங்களுக்குரிய கணித விதியைக் காண்போர்க்குப் பொற்பதக்கம் அளிக்கப்படும் என்று 1809-ல் பிரெஞ்சு வித்வத் சபையார் அறிவித்தனர். அக்காலத்துக் கணித முறைகள் இதற்குப் போதா என்று லக்ராஞ்ச் கூறிவிட்டமையால், பெரும் பண்டிதர்கள் ஒதுங்கினர். ஸோபி ஒருவரே துணிந்தார்.

1811-ல் சபைக்கு வந்த கட்டுரை அவருடையது ஒன்றே. பரிசு கிடைக்கவில்லை. கருத்து நுட்பமானது, ஆயின் அதனைச் சமன்பாடாக்கும் முறையிற் பிழை இருந்தது. முறைப்படி கற்பிப்பார் இல்லாமற்போன குறை என்று முன்னர்க் கூறினோமே, அக்குறை இங்கேதான் அவரை வருத்திற்று. எண்ணியலில் அறிவும் பொறுமையும் இருந்தால் தனியே நெடுந்தூரம் செல்லலாம். தகடுகளின் அசைவை ஆராயவோ, நூற்றாண்டுக் காலமாகப் பலர் கூடி அமைத்த நுண்கணித வழிகளில் கைதேர்ந்த பழக்கம் வேண்டும். நடுவர்களுள் ஒருவராகிய லக்ராஞ்ச் சரியான சமன்பாட்டைக் குறித்து வைத்தார். இரண்டாம் முறை, 1813-ல், கௌரவக் குறிப்பு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறை, 1816 ஜனவரி 8-ந் தேதி, பரிசு அளிக்கப்பட்டது. அப்போதும் நடுவர்கள் முழு மனத்தோடு அளித்தாரில்லை; குறைகளைச் சொல்லிக்கொண்டே அளித்தனர். அம்மையார் விழாவுக்குச் செல்லவில்லை. இதே பொருளை ஆராய்ந்துவந்த புவாஸோன் என்னும் பண்டிதர், சபையின் அங்கத்தினராக இருந்தும், அவரோடு கலந்து பேசுவதைத் தவிர்த்தே வந்தார். 1821-ல் ஸோபி தம் ஆராய்ச்சியைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார்.

இவ்வேழாண்டு உழைப்பு வீண் என்று யாம் சொல்லவில்லை. இரும்புத் தகடுகளையும் பாலங்களையும் கணித்தறியும் சாஸ்திரத்திற்கு அவர் இட்ட அடிப்படை இன்றும் மதிக்கப்படுகின்றது. ஆயினும் பிறர் வகுத்த வினாவுக்கு, பிறர் குறித்த தவணைக்குள், பிறர் மெச்சும் வகையில் விடை காண முயன்ற அவ்வாண்டுகளில் அவர் பட்ட துன்பத்தையும், அதன்பின் தம் பழைய வீதிக்குத் திரும்பியபோது அவர் எய்திய உயரத்தையும் சேர்த்து நோக்கும்போது, எது அவருடைய சொந்த நிலம் என்பது தெளிவாகின்றது.

அப்பழைய வீதியின் கோடியில் ஒரு பூட்டிய கதவு இருந்தது. பெர்மா என்னும் பிரெஞ்சு நியாயாதிபதி, ஏறக்குறைய 1637-ம் ஆண்டில், தாம் படித்த நூலொன்றின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். இவரும் ஓய்வு நேரத்தில் இன்பத்துக்காகவே கணிதம் பயின்றவர். ஒரு வர்க்கத்தை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக்குதல் கூடும். 9-ம் 16-ம் சேர்ந்து 25 ஆதல் போல. ஆனால் மூன்றாம் அடுக்கிலும், அதற்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும், அவ்வாறு மூன்று முழுவெண்கள் அமையவே மாட்டா என்பது அக்குறிப்பு. நிரூபணம் தம்மிடம் இருப்பதாகவும், ஓரத்தில் இடம் போதாதெனவும் எழுதிவிட்டு அவர் காலமானார். நான்காம் அடுக்குக்குப் பெர்மாவும், மூன்றாம் அடுக்குக்கு ஆய்லரும் வழி கண்டனர். ஒவ்வோர் அடுக்காக எடுத்துப் போராடின், அடுக்குகளுக்கு முடிவேது?

ஸோபி அம்மையார் பல அடுக்குகளை ஒருசேர வளைத்துப் பிடிக்கும் ஒரு வழியைக் கண்டார். அவ்வழியின் சுவையை ஓர் உதாரணத்தால் அன்பர்களுக்குக் காட்டுவோம். பலகையில் எழுதிப் பார்க்கலாம். ஐந்தாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதாவது ஓர் எண்ணை ஐந்து இடத்தில் எழுதிப் பெருக்குவது. 2-இன் ஐந்தாம் அடுக்கு 32. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 10. 3-இன் ஐந்தாம் அடுக்கு 243, மீதி 1. 4-க்கு 1,024, மீதி 1. 6-க்கு 7,776, மீதி 10. எந்த எண்ணை எடுப்பினும் மீதி 0, 1, 10 என்னும் மூன்றில் ஒன்றாகவே இருக்கும். 11-ஆல் வகுபடும் எண்ணுக்கு மட்டுமே மீதி 0. இப்போது, இரண்டு ஐந்தாம் அடுக்குகள் கூடி மூன்றாவதோர் ஐந்தாம் அடுக்காகின்றன என்றும், மூன்று எண்களுள் எதுவும் 11-ஆல் வகுபடாதென்றும் கொள்வோம். மீதிகளைக் கூட்டிப் பார்ப்போம். 1-ம் 1-ம் கூடினால் 2. 1-ம் 10-ம் கூடினால் 11, அதாவது 0. 10-ம் 10-ம் கூடினால் 20, அதாவது 9. இவற்றுள் ஒன்றும் 1 அன்று, 10-ம் அன்று. ஆகவே, அப்படி மூன்று எண்கள் இருக்குமாயின், அவற்றுள் ஒன்று 11-ஆல் வகுபட்டே தீரவேண்டும்.

இவ்வளவு எளிய கருவியைக் கொண்டு அவர் மேலே சென்றார். 5 ஒரு பகா எண். அதனை இரட்டித்து ஒன்று கூட்டினால் வரும் 11-ம் பகா எண். இவ்வாறு துணைப் பகா எண் ஒன்று கிடைத்து, இன்னுமொரு சிறு சோதனையும் தேறுமாயின், அவ்வடுக்குக்குரிய மூன்று எண்களுள் ஒன்று அவ்வடுக்கெண்ணாலேயே வகுபட்டாக வேண்டும் என்று நிறுவினார். பெர்மாவின் கூற்று இரு பகுதிகளாகப் பிரிந்தது. அவற்றுள் முதற்பகுதியை, 100-க்குக் கீழ்ப்பட்ட ஒற்றைப் பகா அடுக்குகள் அனைத்துக்கும், ஒரே விதியால் அவர் முடித்துவிட்டார். அதுவரை தனித்தனி அடுக்குகளோடு மல்லிட்ட முயற்சிகளுக்கு இது எத்துணை வேறுபட்டது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவருடைய நோக்கம் இதனினும் பெரிது. ஒவ்வோர் அடுக்குக்கும் இத்தகைய துணைப் பகா எண்கள் அளவின்றிக் கிடைக்குமாயின், பெர்மாவின் கூற்று முழுவதும் நிறுவப்பட்டுவிடும். அதனையே அவர் பல ஆண்டுகள் தேடினார். 1819-ம் ஆண்டு மே மாதத்தில், பத்தாண்டு மௌனத்துக்குப் பின், கௌஸுக்கு மீண்டும் ஒரு நீண்ட கடிதம் எழுதி இத்திட்டத்தை விவரித்தார். தகடுகளின் ஆராய்ச்சியில் இருந்த காலத்தும் எண்களைப் பற்றிய சிந்தனையைத் தாம் விட்டதில்லை என்றும், வித்வத் சபையார் பெர்மாவின் வினாவுக்குப் பரிசு அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே அது தம் உள்ளத்தில் குடிகொண்டது என்றும் அதில் தெரிவித்தார். கௌஸ் விடை எழுதியதாகச் சான்று இல்லை. பின்னர், மூன்றாம் அடுக்குக்குத் துணையாகும் பகா எண்கள் 7, 13 என்னும் இரண்டே என்பதைத் தாமே கண்டு, லெஜாந்தருக்கு எழுதினார். தம் கோட்டையின் அடித்தளத்தில் விரிசல் இருப்பதைத் தாமே கண்டு தாமே சொல்லிய நேர்மையை யாம் போற்றுகின்றோம்.

அம்மையார் இவ்வாராய்ச்சியை அச்சிடவில்லை. லெஜாந்தர் 1825-ல் தம் நூலுக்குச் சேர்த்த அநுபந்தத்தில், ஓர் அடிக்குறிப்பில், இவ்விதியைக் கண்டவர் ஜெர்மெய்ன் அம்மையார் என்று குறித்தார். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அவருடைய எண்ணியலை அவ்வடிக்குறிப்பின் அளவாகவே அறிந்திருந்தது. பெர்மாவின் கூற்று முழுவதையும் ஆண்ட்ரூ வைல்ஸ் என்னும் ஆங்கிலேயர் முற்றிலும் வேறான வழியில் நிறுவி 1995-ல் வெளியிட்டார். இரட்டித்து ஒன்று கூட்டினாலும் பகா எண்ணே தரும் 2, 3, 5, 11, 23 முதலிய பகா எண்கள் ஸோபி ஜெர்மெய்ன் பகா எண்கள் என்றே வழங்குகின்றன. அவை முடிவின்றி உள்ளனவா என்பதற்கு இன்றளவும் நிரூபணம் இல்லை. அவற்றைத் துணையாகக் கொண்டு அமையும் பெரும் பகா எண்கள், இரகசியச் செய்திகளைப் பிறர் அறியாவண்ணம் அனுப்பும் முறைகளில் இப்போது பயன்படுகின்றன. இதனால் என்ன பயன் என்று 1804-ல் எவரேனும் கேட்டிருப்பின், அம்மையாரிடம் விடை இருந்திராது.

பிற்காலத்தில் பூரியே என்னும் அறிஞர் வித்வத் சபையின் காரியதரிசியானபோது, சபைக் கூட்டங்களில் அம்மையார் அமர்ந்து கேட்க வழி செய்தார். அங்கத்தினரின் மனைவி என்ற முறையிலன்றித் தம் கல்வியினாலேயே அங்கே இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. ஆயினும் அங்கத்தினர் ஆகவில்லை. அச்சபை ஒரு பெண்ணை முழு அங்கத்தினராகத் தேர்ந்தது 1979-ல். அவரும் கணித வல்லுநரே, இவோன் ஷொக்கே-புரூஹா என்பவர்.

1829-ல் அம்மையாருக்கு மார்பிற் புற்றுநோய் கண்டது. 1830 ஜூலையில் பாரிஸில் மீண்டும் புரட்சி மூண்டது. பதின்மூன்று வயதில் செய்ததையே ஐம்பத்து நான்காம் வயதிலும் செய்தார்: வெளியே துப்பாக்கி வெடிக்க, உள்ளே அமர்ந்து எழுதினார். எண்களைப் பற்றியும் பரப்புகளின் வளைவைப் பற்றியும் அவர் எழுதிய இரு கட்டுரைகள் 1831-ல் பெர்லின் நகரத்துக் கணிதப் பத்திரிகையில் வெளிவந்தன. அவ்வாண்டு ஜூன் 27-ந் தேதி, ஸவுவா வீதியில் 13-ம் எண்ணுள்ள இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். மரணப் பதிவேட்டில் தொழில் என்னும் இடத்தில், சொத்து வருமானத்தில் வாழ்ந்தவர் என்று எழுதப்பட்டது. 1837-ல் கோட்டிங்கன் சர்வகலாசாலை தன் நூற்றாண்டு விழாவில் கௌரவப் பட்டங்கள் வழங்கியபோது, அப்பட்டத்துக்கு உரியவராகிய ஜெர்மெய்ன் அம்மையார் உயிரோடு இல்லையே என்று கௌஸ் வருந்தினார். 1889-ல் எழுந்த ஐபல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை.

அவர் கைப்பட எழுதிய தாள்கள் பாரிஸ் தேசிய நூலகத்திலும், இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து மொரேனியானா நூலகத்திலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 2000-ம் ஆண்டுக்குப் பின்னரே ஆராய்ச்சியாளர் சிலர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படித்து வெளியிட்டனர். அடிக்குறிப்பில் அடங்கிய ஒரு விதி மட்டுமே அவர் செய்தது என்று எண்ணியிருந்தோர், பெர்மாவின் கதவைத் திறக்க அவர் வகுத்த முழுத்திட்டத்தையும், லெஜாந்தர் பின்னர்த் தம் பெயரால் வெளியிட்ட முறைகளிற் பலவற்றை அவர் தாமாகவே கண்டிருந்ததையும் அத்தாள்களிற் கண்டனர்.